நிறுத்தச் சொன்னால் போதுமா? எழுதிக் கொடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. கூடவே இன்டர்நெட் இணைப்பு, ஆன்டி வைரஸ் சந்தா, ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், கிளவுட் ஸ்டோரேஜ் என்று நாலைந்து சேவைகளுக்கும் கையெழுத்துப் போடுகிறோம். அல்லது "ஐ அக்ரி" என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறோம். இவற்றை வாங்கும்போது சொல்லிக் கொடுக்க ஆள் வீடு தேடி வருகிறார். வேண்டாம் என்று முடிவு செய்தால் அதை முறையாக முடிப்பது எப்படி என்று சொல்லித் தர யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டில் 7,155 ரூபாய் கொடுத்து இதைக் கற்றுக்கொண்டோம்.

என் அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலியில் அவர் தனியாக இருந்தபோது, 2022-ல் வீட்டுக்கு ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கிக் கொடுத்தேன். இணைப்பு அவர் பெயரில். 2023 மார்ச் மாதம் சென்னைக்கு என்னுடன் வந்துவிட்டார். கிளம்பும் முன் அந்த நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போன் செய்து, "இனிமேல் வேண்டாம், நிறுத்திவிடுங்கள்" என்று சொன்னார். மறுநாளே ஒரு பையன் வந்து மோடத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த டிசம்பரில் பழைய முகவரியிலிருந்து ஒரு கடிதம் சுற்றிவந்து சேர்ந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாத வாடகை, திருப்பித் தராத மோடத்தின் விலை, எல்லாம் சேர்த்து 7,155 ரூபாய். கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை என்று கடைசி வரி. அப்பா என்னிடம் சொல்லவில்லை. பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துக் கட்டிவிட்டார். இரண்டு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது ரசீது என் கையில் அகப்பட்டது. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். "ஆதாரம் கேட்பான். என்கிட்ட என்ன இருக்கு?" என்றார். முப்பது வருடங்களுக்கு மேல் வீடு வீடாகப் போய், ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வாங்கியவர் அவர். தன் மோடத்தைக் கொடுத்தபோது மட்டும் கையெழுத்து வாங்க மறந்துவிட்டார்.

நான் அந்த நிறுவனத்துக்கு மெயில் எழுதினேன். "எங்கள் பதிவுகளில் இணைப்பை முடிக்கும் கோரிக்கை எதுவும் இல்லை" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பணம் திரும்பவில்லை.

பில் போடுவது மனிதர் அல்ல, புரோகிராம்

நான் வேலை பார்ப்பது பில்லிங் சாப்ட்வேர் எழுதும் குழுவில். அதனால் அந்தப் பதிலில் எனக்கு வியப்பு இல்லை. இத்தகைய சாப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் நிலை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "ஆக்டிவ்" என்று இருந்தால், மாதம் பிறந்ததும் ஓடும் புரோகிராம் அவருக்கு ஒரு பில் தயாரிக்கும். மோடம் எரிகிறதா, வீட்டில் ஆள் இருக்கிறார்களா, இந்த மாதம் ஒரு பைட்டாவது டேட்டா பயன்படுத்தினாரா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. போஸ்ட்பெய்டு திட்டம் என்றால் வாடகை வாடகைதான். அந்தக் கட்டத்தை யாராவது ஒருவர் மாற்றும் வரை பில் வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கட்டத்தை மாற்ற ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம்தான் நீங்கள் எழுத்தில் கொடுக்கும் நோட்டீஸ். போனில் சொன்னது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையில் நின்றுவிடும். கேட்டவர் வேலை மாறினால் அதுவும் போயிற்று.

எனவே மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்துவதை நிறுத்துவது ஒப்பந்தத்தை முடிப்பது ஆகாது. பணம் கட்டுவதை நிறுத்துவதும் முடிப்பது ஆகாது. அது பாக்கியாகச் சேரும். சாதனத்தைத் திருப்பிக் கொடுப்பதும் மட்டும் போதாது. முடிக்கிறேன் என்ற எழுத்து உரிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததற்குச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

கடிதம் எழுதும் முன், நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைத் தேடி எடுங்கள். பேப்பரில் இல்லை என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் "டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்" என்ற பெயரில் இருக்கும். இருபது பக்கம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கண்ட்ரோல் கீயுடன் எப் கீயைச் சேர்த்து அழுத்தினால் தேடும் கட்டம் கிடைக்கும். அதில் டெர்மினேஷன், நோட்டீஸ், ரினியூவல், ரீபண்ட் ஆகிய நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக டைப் செய்து தேடுங்கள். தேடிய இடங்களில் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. குறைந்தபட்ச காலம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று "லாக்-இன்" இருந்தால், அதற்கு முன் முடித்தால் எவ்வளவு தர வேண்டும்?

2. எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? நோட்டீஸ் காலம் என்பது இதுதான்.

3. தானாகப் புதுப்பிக்கப்படுமா? ஆம் என்றால், எந்தத் தேதிக்கு முன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? ஏ.எம்.சி.யில் இது முக்கியம்.

4. நோட்டீஸை எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும்?

5. சாதனம், டெபாசிட் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள்?

படித்த பக்கத்தை அப்படியே பி.டி.எப். ஆகச் சேமித்து வையுங்கள். கண்ட்ரோல், பி கீகளை அழுத்தி, பிரிண்டர் பெயர் இருக்கும் இடத்தில் "சேவ் ஆஸ் பி.டி.எப்." என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இணையதளத்தில் உள்ள நிபந்தனைகள் நாளை மாறலாம். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைல் மாறாது.

"கையெழுத்தே போடவில்லை, டிக் மட்டும்தானே அடித்தேன்" என்று சிலர் கேட்பார்கள். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 10ஏ பிரிவு சொல்கிறது. டிக் அடித்து ஒப்புக்கொண்டது உங்களைக் கட்டுப்படுத்தும் என்றால், மெயிலில் நீங்கள் அனுப்பும் நோட்டீஸுக்கும் மதிப்பு உண்டு. இதே சட்டத்தின் 4-வது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது.

தேதியைக் கணக்கிடுங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். நோட்டீஸ் காலம் 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதம் ஜூன் 5 அன்று அவர்களுக்குக் கிடைத்தால், 30 நாள் முடிவது ஜூலை 5. பில் மாதம் ஒன்றாம் தேதி தொடங்குவதாக இருந்தால், ஜூலையில் ஐந்து நாள் வாடகையோ, நிபந்தனைகளைப் பொறுத்து முழு மாத வாடகையோ வரும். அதே கடிதம் மே 31-க்குள் கிடைத்திருந்தால் ஜூன் 30-உடன் கணக்கு முடிந்திருக்கும். ஐந்து நாள் தாமதத்துக்கு ஒரு மாத வாடகை! வீடு மாறுவது முடிவானதும் பொருட்களை மூட்டை கட்டும் முன்பே நோட்டீஸை அனுப்பிவிடுங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

நீண்ட கடிதம் வேண்டாம். ஏன் முடிக்கிறீர்கள் என்ற கதையும் வேண்டாம். ஆனால் ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். "இணைப்பை நிறுத்த விரும்புகிறேன்", "நிறுத்த முடியுமா?" என்று எழுதாதீர்கள். அது விருப்பம்; அல்லது கேள்வி. அதற்குப் பதிலாகச் சலுகை தருகிறோம் என்று போன் வரும். நீங்கள் மரியாதைக்காக "யோசிக்கிறேன்" என்று சொன்னால், வாடிக்கையாளர் தொடர்கிறார் என்று குறித்துக்கொண்டு கோரிக்கையை மூடிவிடக்கூடும். "முடித்துக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். ஒப்பந்தப்படி முடித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கும்போது நீங்கள் அனுமதி கேட்கவில்லை, அறிவிக்கிறீர்கள்.

மாதிரிக் கடிதம் ஒன்று கீழே. புள்ளியிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: பெயர், முகவரி, பதிவு செய்த மொபைல் எண், மெயில் முகவரி

பெறுநர்: ஒப்பந்தத்தில் கொடுத்துள்ள நிறுவன முகவரி

நாள்: ……

பொருள்: வாடிக்கையாளர் எண் …… பிராட்பேண்ட் சேவையை முடித்துக்கொள்ளும் நோட்டீஸ்

ஐயா,

1. மேற்கண்ட எண்ணில் …… தேதி முதல் என் பெயரில் இருக்கும் பிராட்பேண்ட் சேவையை இந்தக் கடிதத்தின் மூலம் முடித்துக்கொள்கிறேன்.

2. ஒப்பந்தத்தின் …… பிரிவில் கூறியபடி …… நாள் முன்னறிவிப்பு தருகிறேன். சேவை …… தேதியுடன் முடிய வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு எந்தக் கட்டணமும் விதிக்க வேண்டாம்.

3. உங்களுக்குச் சொந்தமான மோடம், சீரியல் எண் ……, அடாப்டருடன் திருப்பித் தரத் தயாராக உள்ளது. பெற்றுக்கொள்ளும்போது கையெழுத்திட்ட ரசீது தர வேண்டும்.

4. இறுதி பில்லை மேற்கண்ட மெயில் முகவரிக்கு அனுப்புங்கள். டெபாசிட் தொகை …… ரூபாயில், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதியை என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள்.

5. இந்தத் தேதிக்குப் பிறகு என் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் அனுமதியை விலக்கிக்கொள்கிறேன். இறுதி பில்லை நானே செலுத்துவேன்.

6. இந்த நோட்டீஸ் கிடைத்ததையும், சேவை முடியும் தேதியையும், கணக்கு முடிந்தபின் பாக்கி இல்லை என்பதையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்து, பெயர்

கவனியுங்கள். சேவை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்திட வேண்டும். அப்பா பெயரில் உள்ள இணைப்பை மகன் முடிக்க முடியாது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால், தமிழ்க் கடிதத்துடன் ஆங்கில வடிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். யூனிகோட் தமிழில் டைப் செய்து, பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பினால் எழுத்துக்கள் எங்கும் கட்டம் கட்டமாகத் தெரியாது.

எந்த முகவரிக்கு அனுப்புவது?

மெயில்தானே, எந்த முகவரிக்குப் போட்டால் என்ன என்று நினைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை இதுதான் விதி: பெறுபவர் இன்ன முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தால், உங்கள் மெயில் அந்தக் கம்ப்யூட்டர் அமைப்புக்குள் நுழைந்த நேரமே அது கிடைத்த நேரம். அவர் திறந்து படித்தாரா என்பது பொருட்டல்ல. ஆனால் அவருடைய வேறு ஒரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் கிடைத்ததாகக் கணக்கு. விற்பனை செய்தவரின் மெயிலுக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்க்கவே இல்லை என்றால் உங்கள் 30 நாள் தொடங்கவே இல்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் கொடுத்துள்ள முகவரியையே பயன்படுத்துங்கள். நீங்கள் அனுப்புவதும் அவர்களிடம் பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்தே இருக்கட்டும். "தானியங்கிப் பதில்" வந்தால் அழித்துவிடாதீர்கள். அனுப்புபவர் ஒப்புகைக்குத் தனி முறை எதையும் குறிப்பிடாதபோது, பெறுபவரிடமிருந்து வரும் தானியங்கித் தகவலும் ஒப்புகையாகும் என்று 12-வது பிரிவு சொல்கிறது.

ஒப்பந்தத்தில் தபாலில் அனுப்ப வேண்டும் என்று இருந்தால் தபாலிலும் அனுப்புங்கள். பழைய பழக்கத்தில் தனியாக "ரிஜிஸ்டர் போஸ்ட்" என்று கேட்டால் இப்போது கிடைக்காது. 2025 செப்டம்பர் 1 முதல் அது ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்ட் அனுப்பும்போது "ரிஜிஸ்ட்ரேஷன்" வசதியையும் சேர்த்துக் கேளுங்கள். பெறுநரிடமோ அவர் அனுமதி பெற்றவரிடமோ மட்டுமே கொடுப்பதற்கான வசதி அது. 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி இதற்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதல். இதைப் படித்ததும் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். பெயர்தான் போயிற்று, கையெழுத்து போகவில்லை என்று சமாதானம் சொன்னேன்.

ரசீதில் உள்ள எண்ணை வைத்து இந்தியத் தபால் துறையின் தளத்தில் தேடினால், கடிதம் சேர்ந்த நாள் தெரியும். அந்தப் பக்கத்தையும் அன்றே சேமித்துவிடுங்கள். நாளானால் அந்த விவரம் கிடைக்காமல் போகலாம்.

சான்றுகளைச் சேமிக்கும் முறை

கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு இந்த வேலை எளிது. டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் அந்தச் சேவையின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். பைல் பெயரின் தொடக்கத்தில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைக் கொடுங்கள். அப்போது பைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

அனுப்பிய மெயிலை ஸ்கிரீன் ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. ஸ்கிரீன் ஷாட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எதிர்த் தரப்பு சொல்லும். ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்து, அந்த மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை கிளிக் செய்திடுங்கள். வரும் மெனுவில் "டவுன்லோட் மெசேஜ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், இ.எம்.எல். என்ற துணைப்பெயருடன் ஒரு பைல் இறங்கும். எந்த நொடியில் மெயில் போனது என்ற தலைப்பு விவரங்களும் அதில் இருக்கும். மூல மெயிலையும் "சென்ட்" போல்டரில் அப்படியே விட்டு வையுங்கள்.

இது எதற்கு என்றால், வழக்கு என்று வரும்போது மின்னணுப் பதிவின் பிரிண்டை மட்டும் நீட்டினால் போதாமல் போகலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு அதற்கு ஒரு சான்றிதழும் கேட்கிறது. மூலம் கையில் இருந்தால்தான் அந்தச் சான்றிதழைத் தர முடியும்.

முடிக்கும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

நோட்டீஸ் அனுப்பிவிட்டீர்கள். கடைசி நாளுக்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

இணைப்பு கொடுத்த நிறுவனமே தந்த மெயில் முகவரியைப் பயன்படுத்துகிறீர்களா? வங்கி, ஆதார், மற்ற கணக்குகளில் அந்த முகவரி இருந்தால் முதலில் மாற்றுங்கள். இணைப்பு முடிந்தால் அந்த மெயில் பெட்டியும் மூடப்படலாம். பழைய பில்களையும் ரசீதுகளையும் நிறுவனத்தின் தளத்திலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பிறகு உள்ளே நுழைய முடியாமல் போகலாம்.

மோடத்தைத் திருப்பித் தரும் முன், அடியில் உள்ள சீரியல் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். அடாப்டரையும் சேர்த்து எடுங்கள். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து உங்கள் வைபை பாஸ்வேர்டை அழித்துவிடுங்கள். வாங்க வந்தவரிடம் பெயர், தேதி, சீரியல் எண்ணுடன் கையெழுத்து வாங்குங்கள். அவரிடம் ரசீதுப் புத்தகம் இல்லை என்றால், உங்கள் கடித நகலின் பின்பக்கத்தில் வாங்கினாலும் போதும். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் மோடத்தைக் கொடுக்காதீர்கள். அலுவலகத்துக்கு நீங்களே எடுத்துப்போய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஏ.எம்.சி. என்றால், பராமரிப்பவர் உங்கள் கம்ப்யூட்டரில் வைத்த அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். தூரத்திலிருந்து சரி பார்ப்பதற்காக அவர் போட்டு வைத்த எனிடெஸ்க் போன்ற புரோகிராம்களை நீக்கிவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வரும் வழி யாரிடமும் இருக்க வேண்டாம்.

தானாகப் போகும் பணம்

ஆன்டி வைரஸ் போன்ற சந்தாக்களுக்குக் கடிதம் தேவைப்படாது. அவர்கள் தளத்தில் உங்கள் கணக்கிற்குள் சென்று, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்த வேண்டும். பலர் கண்ட்ரோல் பேனலில் அந்தப் புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, சந்தா முடிந்தது என்று நினைக்கிறார்கள். அன்இன்ஸ்டால் செய்வது ஹார்ட் டிஸ்கில் உள்ள பைல்களை நீக்கும். உங்கள் கார்டை நீக்காது. மொபைல் அப்ளிகேஷன்களிலும் இதே கதைதான். ஆன்டி வைரஸை நீக்கினால் பாதுகாப்புப் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் வேறு ஆன்டி வைரஸ் இல்லாதபோது மைக்ரோசாப்ட் டிபெண்டர் தானாகச் செயல்படத் தொடங்கும். ரத்து செய்ததும் வரும் மெயிலை மறக்காமல் சேமியுங்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிகள் இதில் உங்களுக்குத் துணை. 2021 அக்டோபர் 1 முதல், கார்டு மூலம் தொடர்ச்சியாக எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தத் தகவலில் வேண்டாம் என்று மறுக்கும் வழியும் இருக்க வேண்டும். இந்த எஸ்.எம்.எஸ். வரும்போது விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். உங்கள் வங்கியின் தளத்தில் "இ-மேண்டேட்" அல்லது "ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்" பகுதியிலும், யு.பி.ஐ. அப்ளிகேஷனில் "ஆட்டோபே" பகுதியிலும் கொடுத்த அனுமதிகளைப் பார்க்கலாம், ரத்து செய்யலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். முதலில் சேவையை முடியுங்கள். பிறகு அனுமதியை ரத்து செய்யுங்கள். அனுமதியை மட்டும் ரத்து செய்தால் பணம் போகும் வழிதான் அடைபடும். போஸ்ட்பெய்டு பில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பதில் வராவிட்டால்?

ஒரு வாரம் பாருங்கள். பதில் இல்லை என்றால் அதே மெயிலுக்கு "ரிப்ளை" கொடுத்து நினைவூட்டுங்கள். புதிய மெயிலாக அனுப்பினால் பழையதுடன் தொடர்பு அறுந்துவிடும். பிராட்பேண்ட், டெலிபோன் என்றால் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதில் திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம். டிராய் அமைப்பு தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பதில்லை.

அடுத்தது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதி செய்தது. சேருவது ஒரு கிளிக், விலகுவது நூறு கிளிக் என்று வைத்திருக்கும் சந்தாக்களுக்கும் தடை உண்டு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தடை செய்த 13 ஏமாற்று வழிகளில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று.

இத்தனை கதவுகள் இருந்தும் எங்கள் 7,155 ரூபாய்க்கு எதையும் தட்ட முடியவில்லை. எந்தக் கதவில் நின்றாலும் முதல் கேள்வி, "எழுதிக் கொடுத்தீர்களா?" என்பதுதான்.

சென்ற வருடம் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஏ.எம்.சி. புதுப்பிக்கும் தேதி நெருங்கியது. இந்த முறை அப்பாவே ஒப்பந்தத்தைப் படித்து, 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார். நாற்பது நாள் இருக்கும்போதே, தன் கைப்பட ஒரு பக்கக் கடிதம் எழுதினார். நான் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினேன். அவர் நேரில் அந்தக் கடைக்கும் போய், நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கி வந்தார். இரண்டு வாரத்தில் "ஒப்பந்தம் முடிந்தது, பாக்கி இல்லை" என்று மெயில் வந்தது. பிரிண்ட் எடுத்து, பழைய 7,155 ரூபாய் ரசீதுக்கு மேலேயே வைத்திருக்கிறார்.

நீங்களும் இன்று ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கும் சேவைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, முடிக்க வேண்டுமானால் எத்தனை நாள் முன், எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்று குறித்து வையுங்கள். அரை மணி நேர வேலைதான்.